ஒன்பது என்று வந்த எண்

போன வாரம் புரோகிராம் எழுதும் பயிற்சிக்கு என்று என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். உங்களில் ஒருவர், நீளமான ஒரு எழுத்துச் சரத்திலிருந்து எண்ணை மட்டும் உருவி எடுக்கும் வேலையை என் கண் முன்னாலேயே ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டு டீ குடிக்க எழுந்தார். அதே வேலைக்கு எனக்கு அந்தக் காலத்தில் இரண்டு நாள் பிடித்தது. வந்த எண் சரிதானா என்று கேட்டேன். “நம்பர் வந்துடுச்சே மேடம், அப்புறம் என்ன?” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. முப்பத்தெட்டு வயதில் நானும் இதையேதான் சொன்னேன். சொன்ன சில வாரங்களில், ஒரு பிற்பகல், மரக்காணத்து உப்பளக் கரையில் என்னையும் இன்னொருவரையும் தவிர மனித வாடையே இல்லாமல் போயிற்று. அதை முழுதாக நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில்கூட.

2005ஆம் வருடக் கோடை. சுனாமி வந்துபோய் அரை வருடம்கூட ஆகவில்லை. ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ஊரில் தகவல் மையம் ஒன்றைத் திறந்திருந்தது. ஊரார் அதை சென்டர் என்பார்கள். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன், மாடியில் நாலு திசைக்கும் நாலு ஒலிபெருக்கி. என் கணவர் ஷார்ஜாவில் இருந்தார். நான் தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போய்ப் புரோகிராம் எழுத பி.எச்.பி. படித்தவள் என்பதால் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. எங்களுக்கு மேலே ஒரு பொறுப்பாளர். வானூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். ஆனால் நாம் செய்து காட்டும் எதையும் கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பார்.

நான் எழுதிய புரோகிராமின் வேலை இதுதான். வெளிநாட்டு ஆய்வு மையம் ஒன்றிலிருந்து நிலநடுக்க அறிக்கைகள் மின்னஞ்சலில் வரும். முதல் வரியில் முதலில் அளவு, பிறகு இடம், ஆழம், கடைசியாக நேரம். இதே வரிசையில்தான் எப்போதும் வந்தது. அதனால் என் புரோகிராம் அறிக்கையின் முதல் எண்ணை எடுத்துக்கொள்ளும். அந்த எண் ஏழைத் தாண்டி, அறிக்கையில் சுமத்ரா, நிக்கோபார், அந்தமான் என்ற சொற்களில் ஒன்றும் இருந்துவிட்டால், கம்ப்யூட்டரோடு கம்பியால் இணைத்திருந்த செல்போன் வழியாகக் கரையோரத்துப் பதினோரு குப்பங்களின் தன்னார்வலர்களுக்கும், ஊரில் செல்போன் வைத்திருந்த அத்தனை பேருக்கும் குறுஞ்செய்தி போகும். குப்பங்களில் அவர்கள் மைக்கைப் பிடிப்பார்கள்.

பொறுப்பாளர் ஒன்று கேட்டார்: “நடுவுல ஒரு ஆளு பாத்துட்டு அனுப்பக்கூடாதா?”

“ஆளு பாக்கறதுக்குள்ள பத்து நிமிஷம் போயிடும் சார். டிசம்பர்ல அந்தப் பத்து நிமிஷம் கெடச்சிருந்தா எத்தினி பேரு இருந்திருப்பாங்க?”

அவர் சரி என்று தலையாட்டினார். அந்த வருடம் எங்கள் பக்கத்தில் யாராலும் வேறு சொல்லியிருக்க முடியாது. அந்தக் கேள்வியை வைத்து நான் ஜெயித்தேன். இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

அன்றைக்கு அவர் வானூர் தாலுக்கா ஆபீசுக்குப் போயிருந்தார். நான் வீட்டில் நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி வாக்கில் சென்டருக்குத் திரும்பினேன். கதவைத் திறக்கும்போதே மேசைமேல் கட்டி வைத்திருந்த செல்போன் துடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு செய்தி போகும்போதும் அது ஒரு முறை அதிரும். சோதனை நடத்தும் நாட்களைத் தவிர அது அதிர்ந்து நான் பார்த்ததில்லை. திரையில் சிவப்புப் பட்டை. பட்டைக்குள் ஒரே ஒரு எண்: 9.

டிசம்பரில் வந்ததும் ஒன்பதுதான்.

மின்னஞ்சலைத் திறந்து பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திரையில் இருந்தது நான் எழுதிய புரோகிராம் சொன்ன எண். என் கைப்பட எழுதியதை நானே எப்படிச் சந்தேகிப்பேன்? அதற்குள் கிழக்கே முதல் குப்பத்தின் ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு அதற்கு வடக்கே ஒன்று. நானும் மைக்கைப் போட்டேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. கிளம்புங்க, எதையும் எடுக்காதீங்க, திண்டிவனம் ரோட்ட புடிச்சி மேக்கால போங்க என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதை எப்படிச் சொல்வது? யாரும் கத்தவில்லை. டிசம்பரில் எங்கள் தெருவில் கேட்ட அலறல் இன்னும் என் காதில் இருந்தது. இந்த முறை ஒரு சத்தமும் இல்லை. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாயை இறுக மூடியபடி ஓடினார்கள். ஆண்கள் கிழவர்களைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். உப்பு ஏற்ற வந்த லாரிகள் உப்புக்குப் பதிலாக ஆட்களை ஏற்றிக்கொண்டன. நாய்கள்கூடக் குரைக்காமல் கூடவே ஓடின. செருப்புச் சத்தம், வண்டிச் சத்தம், என் குரல். இருபது நிமிடத்தில் முதல் இரண்டும் நின்றன. நானும் மைக்கை அணைத்தேன்.

அடுத்த அறிக்கை வரும்வரை ஒருவர் சென்டரில் இருக்கவேண்டும் என்பது நாங்களே போட்ட விதி. அந்த ஒருவர் நான். சும்மா உட்கார முடியாமல்தான் அந்த மின்னஞ்சலைத் திறந்தேன்.

மேலே “திருத்தப்பட்ட அறிக்கை” என்று இருந்தது. அதற்குக் கீழே நேரம். அதற்கும் கீழே இடம், நிக்கோபார் அருகே. கடைசியில் அளவு: 4.9.

நேரம் 09:12.

திருத்த அறிக்கைகளில் அவர்கள் வரிசையை மாற்றியிருந்தார்கள். நேரத்தை முதலில் போட்டிருந்தார்கள். என் புரோகிராம் வழக்கம்போல முதல் எண்ணை எடுத்திருக்கிறது. முன்னால் இருந்த பூஜ்யத்தைத் தள்ளிவிட்டு ஒன்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறது. உலக நேரத்தில் ஒன்பது மணி என்பதை ஒன்பது அளவு நிலநடுக்கம் என்று படித்திருக்கிறது. பழைய பதிவுகளைப் புரட்டினேன். முந்தின வாரமும் இதேபோல் இரண்டு திருத்த அறிக்கைகள் வந்திருந்தன. ஒன்று மூன்று மணி, இன்னொன்று ஐந்து மணி. அவை மூன்று அளவு என்றும் ஐந்து அளவு என்றும் பதிவாகியிருந்தன. அந்தப் பக்கத்தை நானே அச்செடுத்து சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒரு வாரமாக அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். பொய் எண் உண்மை எண்களுக்கு நடுவில் அவற்றைப் போலவே உட்கார்ந்திருந்தது.

வானூருக்குப் போன் போட்டேன். நாலாவது முறை லைன் கிடைத்தது. பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. “ஏம்மா, உனக்கு நிச்சயமா தெரியுமா?”

“நிச்சயம் சார். கண்ணு முன்னால இருக்குது.”

“ஒரு மணி நேரம் முன்னாடி ஒம்போதும் உன் கண்ணு முன்னாலதானே இருந்துச்சு?”

அவரே மேலே சொன்னார்.

“நான் கலெக்டர் ஆபீஸ்ல கேட்டுட்டு திரும்ப கூப்புடறேன். அதுவரைக்கும் ஒருத்தரையும் திரும்பி வரச்சொல்லாத. அங்க நிக்கறவங்களுக்கு வெயில் ஒண்ணுதான் கஷ்டம். நீ கூப்ட்டு அவங்க வந்தப்புறம் இது நெஜமா இருந்துட்டா? கடல் பக்கம் போவாத. மாடிமேல ஏறி, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் பாரு.”

மாடி ஏறினேன். உப்பளங்கள் வெயிலில் வெள்ளையாகக் கண்ணைக் குத்தின. குவித்த உப்பு குவித்தபடி. உப்பு வாரும் பலகைகள் போட்ட இடத்தில் கிடந்தன. கடல் தென்னைகளுக்குப் பின்னால் இருந்ததால் தெரியவில்லை. ஆனால் உப்பங்கழியிலிருந்து அளங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய வாய்க்கால் மாடியிலிருந்து நன்றாகத் தெரியும். அதில் தண்ணீர் இல்லை.

காலையில் ஒரு வேலையாக நான் அந்த வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போய்வந்திருந்தேன். அப்போது அது நிறைந்து ஓடியது. இப்போது அடிச் சேறு தெரிந்தது. சேறு மினுமினுத்தது.

டிசம்பரில் கடல் உள்ளே போனதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொல்வார்கள்: தண்ணி போயிடுச்சு, தரை தெரிஞ்சுது, மீன் துள்ளுச்சு. அந்த வார்த்தைகள் எனக்கு மனப்பாடம். என் கையில் 4.9 இருந்தது. கண் முன்னால் வற்றிய வாய்க்கால் இருந்தது. இரண்டில் எதை நம்புவது? உங்கள் பாடத்தில் இதற்கு ஒரு வரி இருந்தால் சொல்லுங்கள்.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அந்த வெள்ளைக்கு நடுவில், ஒரே ஒரு ஆள். தலையில் முண்டாசு. குனிந்து பலகையை இழுத்துக்கொண்டிருந்தார். இழுப்பார், நிமிர்வார், இரண்டடி பின்னால் நகர்வார், மறுபடி இழுப்பார். அத்தனை ஒலிபெருக்கியும் அலறி முடித்த ஊரில் அவர் ஒரு அவசரமும் இல்லாமல் உப்பு வாரிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் அவர் உயிரோடு இருக்கிற ஆள்தானா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகு நினைவு வந்தது. ஏழுமலை. பிறந்ததிலிருந்து காது கேளாதவர், பேச்சும் வராது. அவர் மனைவி அஞ்சலை எப்போதும் பக்கத்து அளத்தில்தான் வேலை செய்வாள். அன்று அவளைக் காணோம்.

இறங்கி நடந்தேன். கிழக்குத் தெரு வழியாகத்தான் போகவேண்டும். வீடுகள் எல்லாம் திறந்தே கிடந்தன. ஒரு வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் சோறு தீய்கிற வாசனை. உள்ளே ஓடி அணைத்தேன். இன்னொரு வீட்டில் அணைத்தேன். பிறகு அணைத்து மாளாது என்று விட்டுவிட்டேன். வாசலில் ஒற்றைச் செருப்பு, கவிழ்ந்த பால் சொம்பு. பிற்பகல் தொழுகைக்கான அஸர் நேரமும் ஆகிவிட்டிருந்தது. பள்ளிவாசல் அமைதியாக இருந்தது. பாங்கு சொல்லவும் ஆள் இல்லை. என் வாழ்நாளில் பாங்கு ஒலிக்காத அஸர் அது ஒன்றுதான்.

அப்போது ஒரு வீட்டில் போன் அடித்தது.

நான் நின்றேன். பத்துப் பன்னிரண்டு முறை அடித்து ஓய்ந்தது. ஓய்ந்ததும் எதிர் வீட்டில் அடித்தது. அது முடிவதற்குள் தெருக்கோடியில் இன்னொன்று. பிறகு மூன்று, நாலு ஒன்றாக. அந்தத் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். டிவிச் செய்தியில் எங்கள் ஊர்ப் பேர் ஓடியிருக்கவேண்டும். துபாயிலும் தம்மாமிலும் குவைத்திலும் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் வீட்டைக் கூப்பிட்டார்கள். ஆளில்லாத தெருவின் இரண்டு பக்கமும் போன்கள் மாறி மாறி அடித்தன. நடுவில் நான் நடந்துபோனேன். என் வீட்டுப் போனும் ஷார்ஜாவிலிருந்து அடித்துக்கொண்டிருக்கும் என்று தெரியும். அந்தப் பக்கம் போகத் தைரியம் இல்லை.

உப்பங்கழியை ஒட்டிய கடைசி வீட்டில் மட்டும் போன் ஓயவே இல்லை. அறுந்து அறுந்து மறுபடி அடித்தது. தாங்காமல் உள்ளே போய் எடுத்தேன்.

“அம்மா?” ஓர் ஆண் குரல்.

“அம்மா இல்லீங்க. நான் சென்டர்லேர்ந்து பேசறேன். எல்லாரும் மேட்டுக்குப் போயிட்டாங்க. பத்திரமா இருக்காங்க.”

 எதிர்முனையில் அவர் மூச்சு கேட்டது.

“நீங்க யாரு?”

“சென்டருங்க. மும்தாஜ்.”

“எல்லாரும் போயிட்டாங்கன்னா நீங்க எப்படி எங்க வீட்டுக்குள்ள இருக்கீங்க?”

“போன் விடாம அடிச்சிது, அதான்...”

“டிசம்பர்லயும் அடிச்சேங்க.” அவர் குரல் தணிந்தது. “அப்பவும் ஒரு பொம்பள எடுத்தாங்க. எல்லாரும் போயிட்டாங்கன்னு இதே மாதிரிதான் சொன்னாங்க. எங்கம்மா அதுக்கு முன்னாடியே ஓடி தப்பிச்சிட்டாங்க. அந்நேரம் அந்த ரூம்ல இடுப்பளவு தண்ணி நின்னுதுன்னு அப்புறம் சொன்னாங்க. போன் எடுத்தது யாருன்னு ஊரு பூரா விசாரிச்சிட்டோம். இன்னிக்கி வரைக்கும் தெரியல.”

 சுவரைப் பார்த்தேன். வெள்ளையடித்த சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. அதன்மேல் எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் உப்பு பூத்து வெளியே வரும் கோடு அது. போன் வைத்திருந்த முக்காலி அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது.

“நீங்க உசுரோடதானே இருக்கீங்க?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

“இருக்கேங்க,” என்றேன். “கை நடுங்குது. செத்தவங்களுக்கு நடுங்காது.”

“அப்ப நீங்களும் ஓடிடுங்க,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இதற்கு விளக்கம் கேட்காதீர்கள். என்னிடம் இல்லை.

வாய்க்கால் பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். சேற்றில் நண்டு வளைகள். நண்டுகள் வெளியே வந்து அசையாமல் இருந்தன. ஒரு பறவை இல்லை. காற்றும் நின்றிருந்தது. திரும்பி ஓடு என்று கால் சொன்னது. யா அல்லாஹ் என்று முணுமுணுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினேன். பின்னாலிருந்து தொட்டால் அவர் பயந்துவிடுவார் என்று சுற்றிப்போய் முன்னால் நின்றேன். என் நிழல் அவர் பாத்தியில் விழுந்தது. ஏழுமலை நிமிர்ந்தார்.

என் முகத்தைப் பார்த்தவர், உடனே ஊரைப் பார்த்தார். புகை இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. பக்கத்து அளங்களைப் பார்த்தார். கைவிடப்பட்ட பலகைகளைப் பார்த்தார். பலகை அவர் கையிலிருந்து நழுவியது. நெஞ்சில் கை வைத்து, இன்னொரு கையால் நெற்றியில் பொட்டு வைப்பதுபோல் காட்டினார். அஞ்சலை எங்கே? நான் மேற்கே காட்டினேன். எனக்கும் நிச்சயமாகத் தெரியாது, ஆனாலும் காட்டினேன்.

பிறகு வாய்க்காலைக் காட்டி, தண்ணீர் பின்னால் போவதைக் கையால் செய்து காட்டினேன். கடல் என்று அலையை வரைந்தேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். என் மணிக்கட்டைப் பிடித்து விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போனார். உப்பங்கழிப் பக்கம். நான் கையை உதறப் பார்த்தேன், விடவில்லை. ஐம்பது அடி தூரத்தில் மதகு. மதகில் பலகைகள் இறங்கியிருந்தன. பலகைக்கு அந்தப் பக்கம் உப்பங்கழி வழக்கம்போலத் தளும்பிக்கொண்டிருந்தது. பலகையைத் தட்டினார். தன் நெஞ்சைத் தட்டினார். சூரியன் உச்சியில் இருந்த இடத்தைக் காட்டினார். உச்சி வேளையில் அவரே அடைத்திருக்கிறார், கரையைச் செப்பனிடுவதற்காக. தண்ணீர் எங்கேயும் போகவில்லை.

அந்த மதகின்மேல் நான் உட்கார்ந்துவிட்டேன்.

சென்டருக்குத் திரும்பியபோது பொறுப்பாளர் கூப்பிட்டார். எங்கேயும் எச்சரிக்கை இல்லை என்று கலெக்டர் ஆபீசில் உறுதிசெய்திருக்கிறார்கள். 

“ஒரு அதிகாரி சொல்றாரு, ஒத்திகைன்னு சொல்லிடலாமாம். யாருக்கும் கெட்ட பேரு வராதாம்.”

“நீங்க என்ன சொல்றீங்க சார்?”

“நான் அங்க இல்ல. மைக்குல பேசப்போறது நீ. உனக்கு எது வாயில வருதோ அத சொல்லு. அதுக்கு அப்புறம் என்னா வந்தாலும் நானும் உன்கூட நிக்கறேன்.”

ஒலிபெருக்கியில் சொன்னால் கேட்க ஊரில் ஆள் இல்லை. குறுஞ்செய்தியை இனி யார் நம்புவார்கள்? ஏழுமலை வாசலில் சைக்கிளோடு நின்றிருந்தார். பின் கேரியரைத் தட்டிக் காட்டினார். புர்கா போட்ட ஒரு பெண், அதுவரை ஒரு வார்த்தை பேசியிராத ஆளின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து காலி ஊரின் நடுவே போனாள். யாராவது பார்ப்பார்களோ என்ற நினைப்பு ஒரு நொடி வந்தது. பார்க்க யாரும் இல்லை. போன்கள் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தன.

ஊர் முழுக்கத் திண்டிவனம் சாலையில் ஒரு ரைஸ் மில் களத்தில் நின்றிருந்தது. கிழக்கே பார்த்தபடி. எங்கள் சைக்கிள் வருவதை அத்தனை பேரும் பார்த்தார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அஞ்சலை ஓடிவந்தாள். அன்று சந்தைக்குப் போயிருந்தவளை வழியில் லாரியில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அவருக்குக் காது கேக்காதுடா, எறக்கி வுடுங்கடா என்று அவள் கத்தியது அந்த லாரிக்காரன் காதில் விழவில்லை. அவள் ஏழுமலையின் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். அடித்துக்கொண்டே அவர் முகத்தை, தோளை, கையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

நான் ஒரு மூட்டைமேல் ஏறி நின்றேன். அலை எதுவும் வரவில்லை, வராது என்றேன். இது ஒத்திகை இல்லை என்றேன். நேரத்தை நிலநடுக்க அளவு என்று என் புரோகிராம் படித்துவிட்டது, அதை எழுதியது நான், சரிபார்க்காமல் மைக்கில் கத்தியதும் நான் என்றேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. முன்வரிசையில் நின்ற குப்பத்துப் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“நெஜத்த சொன்ன வரைக்கும் சரி. ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்கோ. அடுத்த தடவ உன் கொரலு வந்தா நான் ஒரு நிமிஷம் யோசிப்பேன். இன்னிக்கி யோசிக்கல. அந்த ஒரு நிமிஷத்துக்கு நீதான் பொறுப்பு.”

அவர் போய்விட்டார். அவர் பின்னால் ஒவ்வொருவராக நடந்தார்கள். தங்கள் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள்போல அவர்கள் போகவில்லை, யாரோ ஒருவர் வீட்டுக்குள் நுழையப் போகிறவர்கள்போல மெதுவாகப் போனார்கள். ஊர் முழுவதும் தீய்ந்த சோற்று வாசனை இரண்டு நாள் நின்றது.

அந்த இரண்டு நாளும் புரோகிராமைத் திருத்தினேன். எண்ணை எடுப்பதற்கு முன்னால் அதன் பக்கத்தில் “அளவு” என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கவைத்தேன். இல்லையென்றால் எண் எதையும் தரக்கூடாது, “தெரியவில்லை” என்று திரையில் எழுதிவிட்டு மணி அடிக்கவேண்டும். இன்றுவரை நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான். ஒரு புரோகிராம் தெரியவில்லை என்று சொல்வதற்குப் பயப்படக்கூடாது, அதை எழுதுகிறவரும்தான். செய்தி தானாகப் போவதை நிறுத்தினேன். நடுவில் ஒரு ஆள் படித்துப் பார்த்துத்தான் அனுப்பவேண்டும். பொறுப்பாளர் வந்து பார்த்தார். “நான் அப்பவே சொன்னேன்” என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். கடைசிவரை சொல்லவில்லை. என்கூட உட்கார்ந்து பழைய அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் படித்து வரிசை மாறியவற்றைத் தனியே எடுத்துவைத்தார். ஆங்கிலம் அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும்.

வேலை முடிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்த சமயத்தில் அஞ்சலை சென்டருக்கு வந்தாள். காலில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மெசேஜ் போச்சே, அது யாருக்கெல்லாம் போச்சி?”

பட்டியலைத் திரையில் காட்டினேன். பெயரும் போன் நம்பரும் வரிசையாக ஓடின. அவளுக்குப் படிக்க வராது. ஆனாலும் விரலை வைத்துக் கீழே வரை பார்த்தாள்.

“இவரு பேரு எங்க இருக்குது?”

“அவருகிட்ட போன் இல்லியே அஞ்சல.”

“போன் இல்லன்னா?”

ஊர்க் கணக்கெடுப்பு நோட்டுகளிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்ததும் நான்தான். ஒவ்வொரு வரியிலும் பத்து இலக்க எண் இருந்தால் எடு, இல்லாவிட்டால் வரியையே விட்டுவிடு என்று எழுதியிருந்தேன். சுத்தமான பட்டியல் வந்தது. பெருமைப்பட்டேன். விடுபட்ட வரிகளில் இருந்தது யார் என்று ஒருநாளும் நான் திறந்து பார்த்ததில்லை. அன்று அவள் எதிரிலேயே திறந்தேன். காது கேளாதவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், கண் தெரியாத ஒரு பெண்மணி, தனியாகக் குடியிருந்த ஒரு பூக்காரி. ஏழுமலையின் வரியில் வயதும் தெருவும் மட்டும் இருந்தன.

அந்த வாரம் முழுக்க வீடு வீடாகப் போனேன். நம்பர் இல்லாத ஒவ்வொருவர் பேரையும் ஒரு நோட்டில் எழுதி, ஆபத்து என்றால் அவரைப் போய்க் கூட்டிவரவேண்டியது யார் என்று பக்கத்தில் இன்னொரு பேரை வாங்கி எழுதினேன். மகன், மருமகள், பக்கத்து வீட்டுக்காரர். கடைசியில் அஞ்சலை வீடு. ஏழுமலை வாசலில் துணி துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

“உன் பேரத்தானே எழுதறது?” என்று கேட்டேன்.

அஞ்சலை என்னையே பார்த்தாள். “நான் எங்க இருப்பேனோ. சந்தையில இருப்பேன். மறுபடியும் லாரியில தூக்கிப் போட்டுடுவானுங்க. எல்லாரும் ஓடுனப்புறம் இந்த ஊருல நிக்கிற ஆளு நீதான். உன் பேர எழுது.”

எழுதினேன்.